சாலைப் பாதுகாப்புப் பணிகள் இழுத்தடிக்கப்பட்டால் நகர நிர்வாகத்திடம் கணக்குக் கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடைபாதை, ஜீப்ரா கிராசிங், வேகத்தடை, சக்கர நாற்காலிக்கான சாய்தளம். இவற்றுக்கெல்லாம் அறிவிப்பு வந்துவிடும், பத்திரிகையில் படமும் வந்துவிடும். வேலைதான் வராது. ஒரே ஒரு கிராசிங்குக்காகச் சில வருடங்கள் அலைந்தவன் நான். அதன்பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

பணி அறிவித்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு கல்கூட நகரவில்லை. எங்கே தொடங்குவது?

கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பணிக்கு அலுவலகத்தில் என்ன பெயர், என்ன எண் என்று கண்டுபிடியுங்கள். நீங்கள் "பள்ளிக்கூடத்து முனை கிராசிங்" என்பீர்கள். அவர்கள் பதிவேட்டில் அது ஏழெட்டுச் சாலைகளோடு சேர்த்து ஒரே தொகுப்பாக, நீங்கள் யோசித்தே பார்க்காத தலைப்பில் கிடக்கும். எண் இல்லாமல் போனால் உங்களைப் பத்து அறைக்கு அனுப்புவார்கள். எண்ணோடு போனால் கோப்பு எந்த அறையில் இருக்கிறதோ அங்கே அனுப்பியாக வேண்டும்.

அடுத்தது, பணி எந்தப் படியில் நிற்கிறது என்பது. ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் படிகள் ஏறக்குறைய ஒன்றுதான்: கள ஆய்வு, வரைபடம், மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், நிதி ஒதுக்கீடு, டெண்டர், பணி ஆணை, பிறகு களத்தில் வேலை. "ஏன் இன்னும் செய்யவில்லை?" என்று கேட்டால் "செய்வோம்" என்ற பதில்தான் வரும். "மதிப்பீடு எந்தத் தேதியில் ஒப்புதலுக்குப் போனது, இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டால் ஒரு தேதியையும் ஒரு பதவிப் பெயரையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தாமதம் எப்போதும் யாரோ ஒருவர் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த மேசையைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

கோப்பு எங்கே நிற்கிறது என்று அவர்களாகச் சொல்லவில்லை என்றால்?

எழுத்தில் கேளுங்கள். அரசு ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பெறும் சட்டத்தை 1766-லேயே கொண்டுவந்த நாடு சுவீடன். இன்று பெரும்பாலான நாடுகளில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். இலங்கையின் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 வேலை நாட்கள், நீட்டிப்பு வாங்கினால் மேலும் 21 நாட்கள். பிரிட்டனில் 20 வேலை நாட்கள்.

மனுவில் "ஏன்" என்ற சொல்லே வேண்டாம். காரணம் கேட்டால் கருத்துச் சொல்ல முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாள்களைக் கேளுங்கள்: கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், மதிப்பீட்டின் நகல், மற்றத் துறைகளுக்குப் போன கடிதங்கள், டெண்டர் அறிவிப்பு, பணி ஆணை, ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த கால நீட்டிப்புகள். ஒரே மனுவில் இருபது கேள்வி திணிப்பதும் வீண். நான்கைந்து போதும்.

எங்கள் கிராசிங் விஷயத்தில் மூன்று வருடமாக எல்லோரும் "டெண்டரில் இருக்கிறது" என்றே சொல்லிவந்தார்கள். குறிப்புப் பக்கங்களின் நகல் கைக்கு வந்தபோது பதினோராவது பக்கத்தில் ஒரு வரி: "நடைபாதையில் உள்ள மின்கம்பம் ஒன்றை இடம் மாற்ற மின் துறைக்குக் கடிதம் எழுதலாம்." கீழே கையெழுத்து, தேதி. அதற்குக் கீழே வெள்ளைத் தாள். அந்தக் கடிதம் எழுதப்படவே இல்லை. எழுதியிருக்க வேண்டியவர் மாற்றலாகிப் போய்விட்டார், வந்தவர் கோப்பைத் திறக்கவில்லை. ஒரே ஒரு கம்பம். அந்தப் பக்கத்தின் நகலை மேலதிகாரியின் முன்னால் வைத்ததும் ஆறே நாளில் கடிதம் போனது. டெண்டர் என்பதெல்லாம் யாரோ ஒருவர் எப்போதோ சொல்லி, மற்றவர்கள் அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த கதை.

"நிதி இல்லை" என்கிறார்கள். நம்பலாமா?

சில நேரம் நம்பலாம். ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குள் பல அர்த்தம் இருக்கிறது. பட்ஜெட்டில் ஒதுக்கவே இல்லை என்பது ஒன்று. ஒதுக்கினார்கள், விடுவிக்கவில்லை என்பது இன்னொன்று. விடுவித்தார்கள், செலவழிக்காமல் ஆண்டு முடிந்து பணம் திரும்பிப்போனது என்பது மூன்றாவது. வேறு சாலைக்குத் திருப்பிவிட்டார்கள் என்பது நான்காவது, அதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

பட்ஜெட் புத்தகத்தில் பெரும்பாலும் மூன்று நெடுவரிசைகள் இருக்கும்: முதலில் ஒதுக்கியது, திருத்திய மதிப்பீடு, உண்மையில் செலவானது. முதல் வரிசையைத்தான் மேடையில் படிப்பார்கள். நீங்கள் மூன்றாவதைப் பாருங்கள். நடைபாதைத் தலைப்பில் பெரிய தொகையை ஒதுக்கி, ஆண்டு முடிவில் அதில் சொற்பமே செலவாகியிருந்தால் குறை பணத்தில் இல்லை, வேலை செய்ய ஆளும் தயாரான வரைபடமும் இல்லை என்று பொருள். அப்போது கூடுதல் நிதி கேட்டுப் போராடி என்ன பயன்?

தாமதத்துக்கு நியாயமான காரணமே கிடையாதா?

உண்டு. தோண்டிப் பார்த்தால் வரைபடத்தில் இல்லாத குழாய் ஒன்று குறுக்கே ஓடும். டெண்டருக்கு ஒருவரும் வராமல் போகலாம். வந்தவர் பாதியில் விட்டுவிட்டுப் போகலாம். மழைநீர் போகும் வழியை யோசிக்காமல் நடைபாதையை உயர்த்தினால் வீடுகளுக்குள் தண்ணீர் புகும், ஆகவே வரைபடத்தைத் திருத்துவதும் நல்லதுதான்.

நியாயமான தாமதத்துக்கும் இழுத்தடிப்புக்கும் வித்தியாசம் சொல்ல எனக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பழைய தேதி தவறியபோது புதிய தேதியை எழுத்தில் கொடுத்தார்களா என்று பாருங்கள். குழாய் தென்பட்டது உண்மை என்றால், அதை யார் மாற்றுவது, எந்த மாதத்தில் என்ற ஏற்பாடும் கோப்பில் இருக்கும். காரணம் மட்டும் இருந்து தேதி இல்லை என்றால் அது சாக்கு.

"அந்தச் சாலை எங்களுடையது இல்லை" என்று கையை விரிக்கிறார்களே?

அதையே எழுதி வாங்குங்கள். யாருடைய சாலை என்பதையும் அதே பதிலில் கேளுங்கள். சாலை ஒரு துறையிடம், நடைபாதை இன்னொன்றிடம், சிக்னல் போலீசிடம் என்று பிரிந்து கிடப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். இரண்டு துறையும் "நாங்கள் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது. இரண்டு கடிதங்களையும் ஒரே உறையில் போட்டு இருவருக்கும் மேலே இருப்பவருக்கு அனுப்பலாம்.

கவுன்சிலரைப் பார்ப்பதா, பொறியாளரைப் பார்ப்பதா?

இருவரையும் பார்க்கலாம், ஆனால் கேட்பது வேறு. பொறியாளரிடம் விவரம் கேளுங்கள். கவுன்சிலரிடம் மன்றத்தில் ஒரு கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். மன்றத்தில் கேட்ட கேள்வியும் பதிலும் நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறிவிடும். வாசலில் நின்று கொடுத்த வாக்குறுதி அப்படி எங்கும் ஏறாது.

பொறியாளர்களை எதிரியாக நினைக்க வேண்டாம் என்பது என் அனுபவம். கீழ்மட்டத்தில் இருப்பவர் பல நேரம் அந்தப் பணி நடக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார். மேலே தள்ள அவருக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. உங்கள் மனுவே அந்தக் காரணமாக இருக்கலாம்.

பார்த்துவிட்டு வந்த அன்றே ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: "இன்று பேசியபடி, வரைபடம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முடியும் என்றீர்கள், நன்றி." மறுத்து எழுதினால் உண்மை தெரியும். மறுக்கவில்லை என்றால் அதுவே பதிவு.

ஒருவர் அடிபட்டால்தான் கவனிப்பார்கள் போலிருக்கிறது. அதற்கு முன்பே ஆதாரம் காட்ட முடியாதா?

முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-இல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களில் பாதிக்கும் மேல் நடந்து போனவர்கள், சைக்கிளில் போனவர்கள், இருசக்கர வண்டியில் போனவர்கள். ஆனால் உங்கள் தெருமுனை அந்த எண்ணிக்கையில் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வேகத்தை அளந்து காட்டுங்கள். ஓட்டுநருக்கு ஆபத்து தென்பட்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு விநாடியில் வண்டி கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும். 30 கி.மீ. வேகத்தில் வந்த வண்டியோ, காய்ந்த சாலையும் நல்ல பிரேக்கும் இருந்தால், அந்த 14 மீட்டருக்குள் நின்றே போயிருக்கும். அதாவது ஒரு வண்டி நின்றுவிட்ட இடத்தில் மற்றொன்று பிரேக்கை இன்னும் மிதிக்கவே இல்லை. இந்த ஒரு கணக்கைக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், முகங்கள் மாறும்.

இரண்டு பேர், ஒரு அளவு நாடா, ஒரு கைப்பேசி போதும். சாலையோரம் 50 மீட்டருக்கு இரண்டு குறி போட்டு, ஒரு வண்டி அதைக் கடக்க எத்தனை விநாடி என்று பாருங்கள். ஆறு விநாடி என்றால் மணிக்கு 30 கி.மீ. மூன்றரை விநாடி என்றால் 50-ஐத் தாண்டிவிட்டது. பள்ளி விடும் நேரத்தில் நூறு வண்டிகளைக் குறித்து, தேதி நேரத்தோடு மனுவில் இணைத்துவிடுங்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.

கெடு தவறினால் கேள்வி கேட்கும்படி சட்டமே போட முடியாதா?

சில நகரங்களில் போட்டிருக்கிறார்கள். பலன் கலவையானது, அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நியூயார்க் நகர மன்றம் 2019-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தடுப்புடன் கூடிய சைக்கிள் பாதை முதல் ஆண்டில் 30 மைல், பிறகு ஆண்டுக்கு 50 மைல் போட வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதினார்கள். 50 மைல் என்றால் சுமார் 80 கி.மீ. முதல் மூன்று ஆண்டுகளில் ஓர் ஆண்டுகூட இலக்கு எட்டப்படவில்லை. ஆனாலும் எண் இருந்ததால்தான் எவ்வளவு குறைந்தது என்று பத்திரிகைகளால் ஆண்டுதோறும் எழுத முடிந்தது. "மேம்படுத்தப்படும்" என்று மட்டும் இருந்திருந்தால் தோல்வி என்றே யாரும் சொல்லியிருக்க முடியாது.

லாஸ் ஏஞ்சலிஸ் இன்னொரு வழியில் போனது. 2015-இல் ஏற்றுக்கொண்ட போக்குவரத்துத் திட்டம் அலமாரியிலேயே கிடந்தது. பொறுத்துப் பார்த்த மக்கள் கையெழுத்து வாங்கி, 2024 மார்ச்சில் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்து ஜெயித்தார்கள். எட்டில் ஒரு மைல், அதாவது 200 மீட்டர் அளவுக்கு ஒரு சாலையைப் புதுப்பித்தால், திட்டத்தில் அந்தச் சாலைக்குச் சொல்லியிருக்கும் சைக்கிள் பாதை, பேருந்துப் பாதை, நடப்போருக்கான வசதி எல்லாவற்றையும் அப்போதே செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் குடிமக்கள் வழக்குத் தொடரலாம். இதில் எனக்குப் பிடித்தது, புது வேலைக்குத் தனிப் பணம் வருமா என்று காத்திருக்காமல் எப்படியும் நடக்கப்போகிற தார் வேலையோடு பாதுகாப்பைக் கட்டிப்போட்டது. பிறகு "சாலையைப் புதுப்பித்தல் என்றால் எது?" என்பதிலேயே தகராறு கிளம்பியது வேறு கதை. சட்டம் எழுதுகிறவர்கள் அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் எழுத மறக்கக்கூடாது.

மாசசூசெட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரமும் சைக்கிள் பாதைகளுக்குக் கெடுத் தேதியோடு உள்ளூர்ச் சட்டம் வைத்திருக்கிறது. 2024-இல் அங்கே மன்றமே வாக்களித்து ஒரு கெடுவை நீட்டியது. நீட்டியது சரியா தவறா என்று ஊர் இரண்டுபட்டது. ஆனால் யார் யார் நீட்ட வாக்களித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சத்தமில்லாமல் தேதி தள்ளிப்போவதைவிட இது எவ்வளவோ மேல்.

நீதிமன்றம் போனால் என்ன கிடைக்கும்?

உடனே எதுவும் கிடைக்காது. ஆனால் பெரிய மாற்றங்கள் சில அந்த வழியில்தான் வந்திருக்கின்றன.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சாக்ரமெண்டோ நகரத்தின்மீது போட்ட வழக்கில், நடைபாதையும் நகரம் தரும் சேவைதான், அதை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிய வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் சொன்னது. அதன் தொடர்ச்சியாகப் பல ஊர்களில் வழக்குகள். லாஸ் ஏஞ்சலிஸ் 30 ஆண்டுகளில் சுமார் 140 கோடி டாலர் நடைபாதைகளுக்குச் செலவிட ஒப்புக்கொண்டது. போர்ட்லாண்ட் 2018 உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 1,500 சாய்தளம் வீதம் 12 ஆண்டுகளில் 18,000 கட்ட வேண்டும். ஆண்டுக்கு இத்தனை என்று எழுதியதுதான் அதன் பலம்.

இந்தியாவில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை என்பது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று கூறியது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 56-ஆவது பிரிவை அதிகம் பேர் அறிவதில்லை. பராமரிப்பில்லாத சாலையைக் குறித்து எவரும் நோட்டீஸ் கொடுக்கலாம். அந்தச் சாலையைப் பராமரிப்பது தன் பொறுப்பா என்று நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும்.

நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது நியூயார்க் வழக்கு ஒன்றை. புரூக்ளினில் உள்ள கெரிட்சன் அவென்யூவில் வண்டிகள் பறக்கின்றன என்று குடியிருப்பவர்கள் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்திருந்தார்கள். வேகத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்று நகரம் முறையாக ஆராயவில்லை. 2004-இல் சைக்கிளில் போன 12 வயதுச் சிறுவன்மீது வேகமாக வந்த கார் மோதிப் பலத்த காயம். பொறுப்பில் 40 சதவீதம் நகரத்தின்மேல் என்று ஜூரிகள் முடிவு செய்தார்கள். மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் 2016-இல் அதை உறுதி செய்தது. வழக்கு நின்றதற்கு அந்தப் பழைய புகார்க் கடிதங்கள் முக்கிய காரணம். யாரும் படிக்கவில்லை என்று நினைத்து நாம் அலுத்துப்போய் அனுப்பும் மனுவும் ஒருநாள் இப்படிப் பேசும். ஒப்புகைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

நிரந்தர வேலை நடக்கும்வரை சும்மா இருப்பதா?

வேண்டாம், தற்காலிக ஏற்பாட்டை இன்றே கேளுங்கள். பெயிண்ட், நெகிழ்வான கம்பங்கள், தொட்டிகள் இவற்றைக் கொண்டே ஒரு முனையைக் குறுக்கலாம். கிராசிங்குக்கு முன்னால் சில மீட்டருக்கு வண்டி நிறுத்தத் தடை போட்டால், கடக்க நிற்கும் குழந்தையும் ஓட்டுநரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியும். நியூஜெர்சியில் உள்ள ஹோபோகன் என்ற சிறு நகரம் இந்த வேலையைத் தெருத்தெருவாகச் செய்தது. 2017-க்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே சாலையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பெரிய நகரத்திலும் நடக்கும்: 2025 ஜூலை வரையான ஓராண்டில் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் சாலை மரணமே இல்லை. அங்கே பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பு 30 கி.மீ.

ஒரு எச்சரிக்கை. தற்காலிகம் வந்ததும் நிரந்தரக் கோப்பை மூடிவிடப் பார்ப்பார்கள். "இது இடைக்கால ஏற்பாடு மட்டுமே" என்ற வரியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கடைக்காரர்கள் எதிர்க்கிறார்கள் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்ன செய்ய?

எத்தனை பேர் எதிர்த்தார்கள், எழுத்தில் கொடுத்தார்களா என்று கேளுங்கள். பல நேரம் இரண்டு பேர் சத்தமாகப் பேசியது "வியாபாரிகள் எதிர்ப்பு" ஆகியிருக்கும். மற்றபடி சரக்கு இறக்க இடம் வேண்டும் என்ற கவலை நியாயமானது, வரைபடத்திலேயே அதற்கு நேரமும் இடமும் ஒதுக்கிவிடலாம். நேரில் போய்ப் பேசுங்கள். நீங்கள் அவர்களிடம் வாடிக்கையாகப் பொருள் வாங்குகிறவர் என்றால் இன்னும் நல்லது.

வாட்ஸ்அப்பில், சமூக வலைத்தளத்தில் போட்டால் நடக்குமா?

பள்ளத்துக்கு மண் கொட்டுவார்கள். வரைபடம், டெண்டர் தேவைப்படும் வேலைக்கு அது போதாது. படம் எடுத்துப் போடுங்கள், அப்புறம் அதையே மனுவோடும் இணையுங்கள்.

"பணி நிறைவுற்றது" என்று பலகை வைத்துவிட்டார்கள். ஆனால் போய்ப் பார்த்தால்?

எங்கள் கிராசிங்கிலும் இதுதான் நடந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் குறையே தெரியாது. புதுச் சாய்தளம், மஞ்சள் நிறத்தில் பார்வையற்றோருக்கான புடைப்பு ஓடுகள், பளிச்சென்று வெள்ளைக் கோடுகள். கிட்டே போய்க் குனிந்தால், சாய்தளம் முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் ஒரு கட்டைவிரல் உயரத்துக்குப் படி. நடப்பவருக்கு அது தெரியவே தெரியாது. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சின்னது, அந்தப் படியில் முட்டி நின்றுவிடும். பின்னால் வண்டிகள் வரும்போது நடுச்சாலையிலிருந்து மேலே ஏற முடியாமல் நிற்பவர் நிலையை நினைத்துப் பாருங்கள். புடைப்பு ஓடுகளோ நேராகப் போய், இடம் மாற்றி நட்ட அந்த மின்கம்பத்தின் அடியில் முடிந்தன. மூன்று வருடம் நாங்கள் துரத்திய அதே கம்பம்தான்.

எனவே ஒப்படைப்புக்கு முன் கூட்டாகக் களத்தைப் பார்வையிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சக்கர நாற்காலியில் போகும் ஒருவரையும் கைத்தடியோடு நடக்கும் ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள். குறை இருந்தால் அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் பணி முடிந்தபின் குறிப்பிட்ட காலத்துக்குக் குறைகளை ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்ற பொறுப்புக் காலம் உண்டு, அதுவரை அவர் வைப்புத் தொகையும் நிர்வாகத்திடம் இருக்கும். அந்தக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பணி ஆணையின் நகலில் பாருங்கள். எங்களுக்கு அந்தத் தேதிக்கு ஏழு வாரம் பாக்கி இருந்தது. மனு கொடுத்தோம், படியைச் செதுக்கிச் சமமாக்கினார்கள். ஓடுகளைப் பிரித்துக் கம்பத்தைச் சுற்றிப் பதித்தார்கள். கம்பம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அதற்கான மனு இரண்டு மாதமாக உள்ளே இருக்கிறது, எண் என்னிடம் இருக்கிறது.